கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

வடாலா கிழக்கு,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

செம்பூரிலிருந்து நீ அனுப்பிய மூன்று அறைப் படங்களையும் பார்த்தேன். ஒன்றில் நீச்சல் குளம். ஒன்றில் கடலைப் பார்த்த ஊஞ்சல். மூன்றாவதில் கட்டிலின் மேல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருக்கிறார்கள். "பெரியப்பா, இதில் எது நல்லது?" என்று கேட்டிருந்தாய். படத்தை வைத்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அறைக்கு நீங்கள் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள், எந்த வழியாக, அப்போது கடல் எப்படி இருக்கும், கதவைத் திறந்துவிடுபவர் யார், இதெல்லாம் படத்தில் இல்லையே. தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு பெண்கள், ஒரு கார், உரிமம் வாங்கி எட்டு மாதம் ஆன நீ ஓட்டுகிறாய், மூன்று நாள் விடுமுறை. முதலில் இதை வைத்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடாலாவிலிருந்து சிவ்ரி பக்கம்தான். அங்கே அடல் சேதுவில் ஏறிவிடலாம். 2024 ஜனவரி 12-ஆம் தேதி திறந்த பாலம், ஏறக்குறைய 22 கிலோமீட்டர், அதில் 16-க்கு மேல் கடல் மீதே போகிறது. முன்பு வாஷி, பன்வெல் என்று சுற்றிக்கொண்டு போன எங்களுக்கு அது இன்னும் அதிசயம்தான். ஆனால் பாலம் மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரத்தை அப்பால் கோவா நெடுஞ்சாலை வாங்கிக்கொள்ளும். பன்வெலில் தொடங்கும் அந்தச் சாலை கொங்கண், கோவா, கர்நாடகம், கேரளம் கடந்து கன்னியாகுமரியில்தான் முடிகிறது. நம் ஊருக்கே போகிற சாலை! அதை அகலப்படுத்தும் வேலை பல வருஷமாக இழுத்துக்கொண்டே போனது. அதனால் வரைபடம் நாலு மணி நேரம் என்று காட்டினால் நீ ஆறு என்று எழுதிக்கொள்.

கொங்கண் கரையில் அலிபாக், காஷித், முருட் வரை முதல் நாளே நிம்மதியாகப் போய்ச் சேரலாம். திவேஆகர், ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர் மூன்றும் அதற்குத் தெற்கே. அழகும் அமைதியும் அங்கேதான் அதிகம். ஆனால் முருடுக்கும் அவற்றுக்கும் நடுவில் ராஜபுரி கழிமுகம் குறுக்கே கிடக்கிறது. அகர்தாண்டாவில் காரைப் படகில் ஏற்றி, எதிர்க்கரை திகியில் இறக்க வேண்டும். கடந்து முடிக்கச் சில நிமிஷம்தான். ஆனால் அந்தப் படகுக்குக் கடைசி நேரம் ஒன்று உண்டு.

அதைக் கேட்டுக்கொள்ளாமல் போய் நான் பட்டது உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முந்தைய கதை இல்லை, உனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. ஹரிஹரேஷ்வரில் அறை பதிவு செய்துவிட்டு, காஷித் மணலில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உன் பெரியம்மா சொன்னாள், நானும் சரி என்றேன். படகுத்துறைக்குப் போனபோது விளக்கை அணைத்துவிட்டார்கள். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது, போக வழியில்லை. கழிமுகத்தைச் சுற்றி, மலைப்பாதையில், இருட்டில், ம்ஹசளா வழியாகப் போனோம். அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுநிசி தாண்டிவிட்டது. பதிவு செய்த அறையை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள். இரவு காரில் கழிந்தது. பெரியம்மா அடுத்த நாள் முழுதும் தலைவலியோடு படுத்திருந்தாள். அறையை மாற்றிக் கொடுத்தவர்கள்மேல் எனக்கு இப்போதும் கோபம் உண்டு. ஆனாலும் தப்பு சாயங்காலம் காஷித்திலேயே தொடங்கிவிட்டது.

உன் அண்ணன் ஃபீனிக்ஸில் இருக்கிறானே, அவனும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறான். அரிசோனாக்காரர்கள் கடல் பார்க்க மெக்சிகோவில் புவர்ட்டோ பெனாஸ்கோவுக்குத்தான் காரில் போவார்களாம், நாலு மணி நேரப் பயணம். நடுவில் லூக்வில் எல்லைச் சாவடி. காலை 6 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடிவிடுவார்கள். அங்கிருந்து ஊர் சுமார் 100 கிலோமீட்டர் பாலைவனம். அதனால் எந்த விடுதி என்று பார்ப்பதற்கு முன் சாவடி நேரத்தை எழுதி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம் என்றான். நமக்குப் படகு, அவர்களுக்குச் சாவடி.

ஆகவே உனக்கு இரண்டு வழி சொல்கிறேன். முதல் இரவு முருடில் தங்கு. மறுநாள் காலை முதல் படகில் தெற்கே போ. அல்லது கடற்கரைச் சாலையே வேண்டாம் என்று கோவா நெடுஞ்சாலையில் மாண்காவ் வரை போய், ம்ஹசளா வழியாகத் திவேஆகர் இறங்கு. படகே இல்லை. காரோட்டிக் களைப்பு வேண்டாம் என்றால் பாவுச்சா தக்காவில் காரையே ரோ-ரோ கப்பலில் ஏற்றி மாண்ட்வா போகலாம். 2020 மார்ச்சில் தொடங்கியது, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். விடுமுறை நாள் என்றால் முன்பே இடம் பிடிக்க வேண்டும். எந்த வழியானாலும் வெளிச்சம் இருக்கும்போதே அறைக் கதவைத் தட்டிவிட வேண்டும்.

இனி கடல். துறைமுகத்தில் 30 வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கவனமாகக் கேள். நம் சென்னைக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் சுற்றி. இங்கே அமாவாசை, பௌர்ணமியில் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். மராட்டியில் ஏற்றத்துக்கு 'பர்தி', வற்றத்துக்கு 'ஓஹோட்டி'. இந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய். ஒரு பர்திக்கும் அடுத்த ஓஹோட்டிக்கும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். பம்பாய்ப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நடுப்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் கடல் நிறைந்து நிற்கும். விடியலிலும் சாயங்காலத்திலும் வற்றும். அஷ்டமி சுற்றி அது தலைகீழாகும், ஆனால் ஏற்றமும் குறைவு.

அறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். ஹரிஹரேஷ்வரில் கோயிலைச் சுற்றிப் பாறைகள் மேல் போகும் பிரதட்சிணைப் பாதை வற்றத்தில் மட்டும்தான் நடக்க லாயக்கு. ஏற்றத்தில் அலை அந்தப் பாறைகளில் ஆளையே பிடுங்கும். அலிபாக்கில் குலாபா கோட்டைக்கு வற்றத்தில் நடந்தே போகலாம். திரும்பும் நேரம் தப்பினால் படகுதான். விடுமுறையில் ஓஹோட்டி விடியலில் வருகிறது என்றால் கோயிலுக்குப் பக்கத்திலேயே தங்கு. மத்தியானம் வருகிறது என்றால் பத்து கிலோமீட்டர் தள்ளித் தங்கினாலும் நஷ்டமில்லை. 2016 பிப்ரவரியில் புனேயிலிருந்து முருடுக்குச் சுற்றுலா வந்த கல்லூரிப் பிள்ளைகள் 14 பேரைக் கடல் கொண்டுபோயிற்று. உன் வயதுதான் அவர்களுக்கும். அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் அலுவலகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளூர் வீட்டில் தங்கினால் ஒரு லாபம் இதுதான்: "இந்த இடத்தில் இறங்காதே பெண்ணே" என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

இந்தக் காரணத்தாலேயே உன் மூன்று படங்களையும் ஒதுக்கிவிட்டு, கர்குதி வீட்டைப் பார் என்கிறேன். கொங்கண் ஊர்களில் வேலிக்கு வேலி பலகை தொங்கும்: 'கர்குதி ராஹண்யாச்சி வ ஜேவணாச்சி சோய்'. வீட்டு முறையில் தங்கவும் சாப்பிடவும் வசதி என்று பொருள். முன்னால் அந்தக் குடும்பம் இருக்கும்; பின்னாலோ பக்கத்திலோ இரண்டு மூன்று அறை கட்டி வாடகைக்கு விடுவார்கள். விளம்பரங்களில் 'சீ-டச்' என்று போடுவார்களே, மணலிலேயே கட்டியது, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்றத்தில் கடல் எட்டும் எல்லையை ஒட்டிக் கட்டடம் கட்டுவதற்கு 1991-லிருந்தே மத்திய அரசின் கடற்கரை விதிகள் இருக்கின்றன. விதியை மீறியதற்காகக் கொச்சி மரடுவில் 2020 ஜனவரியில் அடுக்குமாடி வளாகங்கள் நாலை வெடிவைத்துத் தகர்த்ததை நீயே தொலைக்காட்சியில் பார்த்தாய்.

திவேஆகரில் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்: தெரு, தெருவின் இருபுறமும் பாக்குத் தோட்டம், அதற்குள் வீடு, தோட்டம் முடிந்தால் தாழையும் சவுக்கும், அதற்கப்பால்தான் மணல். தோட்டத்தை அங்கே 'வாடி' என்பார்கள். நம் ஆட்கள் காற்றையும் உப்பையும் தெரிந்து வைத்திருந்த மாதிரிதான் அவர்களும். கடலுக்கு ஐந்தே நிமிஷ நடை, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது, இரவில் காற்று மரத்தில்தான் மோதும். 2020 ஜூன் 3-ஆம் தேதி நிசர்கா புயல் அலிபாக்குக்குத் தெற்கே கரையேறியபோது அந்த மரங்கள்தான் அடி வாங்கின. நாங்கள் பிறகு போய்த் தங்கிய வீட்டு அம்மா, விழுந்த பாக்கு மரங்கள் இருந்த இடத்தைக் கையால் காட்டி, கன்று காய்க்க எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணினாள். அதுவரை அவளுக்கு வருமானம் இந்த இரண்டு அறைகள். நீ கொடுக்கும் வாடகை அங்கே போகட்டும்.

அறையை உறுதி செய்வதற்கு முன் நீயே பேசு. செயலியில் பதிவு செய்தாலும் வீட்டுக்காரரின் குரலைக் கேள். குடும்பம் அங்கேயே தங்கியிருக்கிறதா, இல்லை சாவி கொடுக்க மட்டும் ஆள் வருவாரா? கார் வேலிக்கு உள்ளே நிற்குமா? மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் உண்டா? கழிவறை அறையோடு சேர்ந்ததா? இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே; அவர்கள் ஆள் எண்ணி அரிசி போடுகிறவர்கள். முருட் பக்கம் மீன் கிடைக்கும். திவேஆகரில் பல வீடுகள் சைவம், அங்கே உகடிச்சே மோதக் கேட்டு வாங்கு, நம் கொழுக்கட்டைக்குத் தம்பிதான் அது. சைவ வீட்டில் இருந்துகொண்டு வெளியிலிருந்து மீன் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. பேசும்போது பதில் தயங்கினால், அல்லது முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பு என்று க்யூஆர் குறியீட்டுப் படம் அனுப்பினால், விட்டுவிடு. விடுதி பெயரில் போலி விளம்பரம் போட்டுப் பணம் பறிப்பது நிறைய நடக்கிறது. ஏமாந்துபோனால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930-க்குப் பேசு.

மார்ச்சில் இன்னொரு தடவை போக முடிந்தால் வேளாஸ் போ. ஹரிஹரேஷ்வரைத் தாண்டி பாக்மாண்ட்லாவில் படகேறி சாவித்ரி ஆற்றைக் கடந்தால் பக்கம்தான். ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போவதை ஊரே பாதுகாத்துக் காட்டுகிறது. அங்கே தங்குவது ஊர்க்காரர்களின் வீடுகளில்தான், தரையில் மெத்தை, வீட்டுச் சாப்பாடு. கரையில் விளக்குப் போட்டால் குஞ்சுகள் திசை தவறும். கடலோரம் விளக்கு மாலை போட்ட விடுதி எனக்குப் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

நீ புறப்படுவது அமாவாசைக்கு எத்தனையாவது நாள் என்று இன்னும் பார்க்கவில்லை. என்னிடம் ஏற்றவற்ற அட்டவணை இருக்கிறது. வருகிற சனிக்கிழமை செம்பூரிலிருந்து வடாலாவுக்கு வா, உன் தோழிகளையும் கூட்டிக்கொண்டு. பெரியம்மா அடை சுடுவாள். படகுத்துறைக்கும் அந்த வீட்டுக்கும் இங்கிருந்தே பேசிவிட்டு, அப்புறம் முன்பணம் கட்டலாம்.

அன்புடன்,
உன் பெரியப்பா