தானாக அழிந்ததா, யாரோ அழித்தார்களா?

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதியே இருக்கவில்லை. அரசுக்கே இந்தக் கதி என்றால், தெரணியகலைத் தோட்டத்துக் குடும்பம் போனில் வைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழ்?

கோப்பு காணாமல் போனால், கூகுள் டிரைவில் ‘செயல்பாடு’ பகுதியைத் திறந்தால், பகிர்ந்த கோப்பை யார், எப்போது நீக்கினார் என்ற வரலாறு தெரியும். நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். பிறகு தானாகவே போய்விடும். கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படத்துக்கு 60 நாள்.

வாட்ஸ்அப்பில் மறையும் செய்தி வசதியை யாராவது போட்டால், அரட்டைக்குள்ளேயே அறிவிப்பு விழும். பலர் அதைப் படிப்பதே இல்லை! 24 மணி நேரமா, 7 நாளா, 90 நாளா என்று பார்த்து, தேவையானதை முன்பே சேமிப்பது நல்லது.

2 ஆண்டுகள் தொடாத கூகுள் கணக்கும் நீக்கப்படலாம். வெளிநாடு போனவரின் பழைய கணக்கை இடைக்கிடை திறக்கச் சொல்லவேண்டும்.