கண்ணை அசைத்தால் காயம் ஆறுமா?

கேள்வி:

எனக்கு 33 வயது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ராயப்பேட்டையில்தான். சின்ன வயதில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். வாசலில் டி.வி.எஸ் 50-க்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதுமே நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வேன். அப்போது நாலு, ஐந்து வயது இருக்கும். அப்பா குடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது என் மகளை மணிக்கூண்டு வரை கூட்டிப்போய் பஜ்ஜி வாங்கித் தருகிற தாத்தா அவர். ஆனாலும் ராத்திரி என் வீட்டுக்காரர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டால் எனக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது. குழந்தை டம்ளரைக் கீழே போட்டால் கத்திவிடுகிறேன். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். தோழி கண் அசைவு சிகிச்சை பற்றிச் சொன்னாள். ஓர் ஆலோசகருக்குப் போன் செய்தேன். "ஒரு வயசுல நடந்ததைக்கூட வெளியே கொண்டுவந்துடலாம், மூணே சிட்டிங்" என்கிறார். நம்பலாமா? வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யலாமா? இதற்குப் போனால் அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோல ஆகிவிடாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராயப்பேட்டை.

பதில்:

சிகிச்சையை நம்பலாம். 'ஒரு வயது', 'மூன்றே சிட்டிங்' இரண்டையும் நம்ப வேண்டாம்.

இ.எம்.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் இந்த முறையைத் தொடங்கியவர் ஃபிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர். 1987-ல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன் கண்கள் இப்படியும் அப்படியும் அசைந்ததும் மனதை அரித்துக்கொண்டிருந்த எண்ணங்களின் வேகம் தணிந்ததைக் கவனித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். 1989-ல் முதல் ஆய்வு வந்தது. பூங்காக் கதையைக் கேட்டு விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்தார்கள். சுளித்ததில் தப்பில்லை. பிறகு ஆய்வுகள் சேரச் சேர, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்புக்கு இது உதவும் என்று 2013-ல் உலக சுகாதார நிறுவனமே தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. பெரியவர்களுக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும். நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே பயன்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது.

பார்க்க எளிமையாக இருக்கும். உங்களை வதைக்கும் காட்சி ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். அது உங்களைப் பற்றி என்ன சொல்லவைக்கிறது, உடம்பில் எங்கே பிடிக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வேதனை என்று கேட்பார்கள். பிறகு சிகிச்சையாளரின் விரல் பக்கவாட்டில் போய் வரும். தலையைத் திருப்பாமல் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிடம் போல ஒரு சுற்று. நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்பார். சொல்வீர்கள். மறுபடி விரல். கண்ணுக்குச் சிரமமென்றால் முழங்காலில் மாறி மாறித் தட்டுவதும் உண்டு. நடந்ததை ஒன்றுவிடாமல் விவரிக்க வேண்டியதில்லை என்பது பலருக்குப் பெரிய நிம்மதி. குடும்ப விஷயத்தை வெளியாளிடம் கொட்டுவதா என்று தயங்கும் நம் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை.

ஏன் வேலை செய்கிறது? நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரே நேரத்தில் மனம் பிடித்து வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். காட்சியை நினைத்துக்கொண்டே விரலையும் தொடர்ந்தால், காட்சிக்குக் கிடைக்கும் இடம் சுருங்குகிறது. அதன் கூர்மையும் சூடும் குறைகின்றன. குறைந்த நிலையிலேயே அது திரும்பவும் நினைவில் போய்ப் படிகிறது. நடந்தது மறக்காது, நினைக்கும்போது உடம்பு துள்ளுவது குறையும். கண் அசைவு இல்லாமலே இதே பலன் வரும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு; அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. விரலில் மந்திரம் எதுவும் இல்லை என்பது என் கட்சி. சுனாமி வந்து சில வாரங்களிலேயே இலங்கையின் வடகிழக்கில் 31 குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வில் கண் அசைவே கிடையாது. ஒரு பிரிவினர் தங்கள் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொன்னார்கள், இன்னொரு பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 சதவீதம், அடுத்ததில் 71 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிஞ்சு வயதுக் காயம் ஆற நாளாகும். அமெரிக்காவில் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் குழுவினர் 88 பேரிடம் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எட்டு வாரக் கண் அசைவு சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வளர்ந்த பிறகு அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் 75 சதவீதம் பேர் அறிகுறிகளே இல்லாமல் இருந்தார்கள். சிறுவயதில் அடிபட்டவர்களில் 33 சதவீதம்தான். காரணம் ஊகிக்கக்கூடியதே. சாலை விபத்து ஒரு நாள் சம்பவம். உங்களுக்கு நடந்தது ஒரு நாளில் நடந்ததல்ல. காப்பாற்ற வேண்டியவரே பயத்துக்குக் காரணம், ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய அம்மாவோ அடி வாங்கிக்கொண்டிருந்தார். மொத்த வீட்டையும் பற்றிய பயம் அது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். 2020-ல் ஆஸ்திரேலியா, ஜெர்மனி, நெதர்லாந்து மூன்று நாடுகளிலுமாக, சிறுவயது அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட 155 பெரியவர்களிடம் செய்த ஆய்வு வந்தது. வாரம் இரண்டு முறை, தலா ஒன்றரை மணி நேரம், மொத்தம் 12 அமர்வுகள். நல்ல முன்னேற்றம், பாதியில் விட்டவர்களும் குறைவு. அதில் பாதிப்பேருக்குக் கண் அசைவு, மீதிப்பேருக்கு வேறொரு முறை. வளர்ந்த நீங்கள் கற்பனையில் அந்த அறைக்குள் நுழைந்து, டிரம்முக்குப் பின்னாலிருக்கும் குழந்தையை வெளியே அழைத்துவருவது மாதிரியான முறை. இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. ஆகவே உங்களுக்கு நல்ல சிகிச்சையாளர் கிடைத்து, அவருக்குத் தெரிந்தது இந்த இரண்டாவது முறை என்றால், விரல் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

ஒரு வயதில் நடந்தது? பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முந்தைய சம்பவங்கள் நினைவில் நிற்பதில்லை. அந்த வயதின் பயம் உடம்பின் பழக்கமாக மிஞ்சலாம், காட்சியாகத் தோண்டியெடுக்க முடியாது. தோண்டினால் வருவது கற்பனையாக இருக்கும் ஆபத்து உண்டு. உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் கடைவீதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை 24 பேரிடம், குடும்பத்தார் சொன்னதாகச் சொன்னார்கள். ஆறு பேர் முழுதாகவோ அரைகுறையாகவோ அது நினைவிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். கடைவீதிக்கே இந்தக் கதி என்றால், மனம் நொந்து வந்தவரிடம் "இன்னும் மோசமா ஏதோ நடந்திருக்கு, யோசிங்க" என்று சொல்வது எங்கே கொண்டுபோய் விடும்? இருக்கிற குடும்பமும் உடையும். உங்கள் கையில் ஸ்டாண்டு சத்தம் இருக்கிறது, டிரம் இருக்கிறது, இன்று ராத்திரி சுருட்டும் வயிறு இருக்கிறது. சிகிச்சைக்கு இவை தாராளம்.

அப்பாவை யாரும் கூண்டில் ஏற்றப்போவதில்லை. அவரை அழைத்துவரச் சொல்ல மாட்டார்கள். மன்னிக்கச் சொல்லி நச்சரிக்கவும் கூடாது. அன்றைய அப்பாவைக் கண்டு நடுங்குவதும் இன்றைய தாத்தாவை நேசிப்பதும் ஒரே மனதில் இருக்கலாம். பாதி வழியில் கோபம் பொங்கும், வரட்டும். அந்த வாரம் பார்த்து அவரிடம் போய் முப்பது வருஷக் கணக்கைத் தீர்க்காமல் இருந்தால் போதும்.

வீடியோ பார்த்துத் தனியாகச் செய்ய வேண்டாம். கிளறிய பிறகு தாங்கிப்பிடிக்க எதிரே ஆள் வேண்டும். உண்மையான அமர்வுக்குப் பிறகுகூட ஓரிரு நாள் கனவுகள் வரலாம், அழுகை வரலாம். அன்றைக்கு நீங்களே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு ராயப்பேட்டை நெடுஞ்சாலை நெரிசலில் நுழையாதீர்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். வலிப்பு, கண் நோய், கர்ப்பம், திடீரென்று 'இங்கே இல்லாததுபோல' ஆகிவிடும் நிலை என எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது எகிறினாலும் படபடப்பும் எரிச்சலும் வரும், அதற்கு மாத்திரைதான் வேண்டும். கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், மாமியாரோடு அதற்காகச் சண்டை வேண்டாம்.

மகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அவள் இருக்கிறாள். அவளுக்குச் சிகிச்சை எதுவும் தேவைப்படுவதாகத் தெரியவில்லை. கத்திவிட்டால், கொஞ்ச நேரத்தில் போய், "அம்மா சத்தத்துக்குப் பயந்துட்டேன்டா, உம்மேல கோபம் இல்ல" என்று சொல்லுங்கள். டிரம்முக்குப் பின்னால் இருந்தபோது உங்களிடம் இப்படி வந்து சொல்ல ஆளில்லை.

எங்கே போவது? பக்கத்தில் உள்ள ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் காட்டுங்கள். உங்களுக்கு இருப்பது அதிர்ச்சியின் பாதிப்பா, மனச்சோர்வா, இரண்டுமா என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும். அங்கிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ தனியார் உளவியலாளரிடமோ அனுப்பக்கூடும். தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா, இ.எம்.டி.ஆர். பயிற்சியை எங்கே பெற்றார், ஓர் அமர்வுக்கு என்ன கட்டணம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் கதையைக் கேட்காமல் முதல் நாளே விரலை ஆட்டத் தொடங்குகிறவரிடம் இரண்டாவது நாள் போகாதீர்கள். அதற்குள் ஏதாவது ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் அது, கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.