இருமலுக்குத் துணைபுரியும் மின்தூண்டல்

தண்டுவடக் காயத்திற்குப் பின் கைகால்கள் செயலிழந்திருப்பது எல்லோருக்கும் புலப்படுகிறது. வயிற்றுத் தசைகளும் செயலிழந்திருப்பதைப் பல குடும்பத்தினர், நோயாளிக்குச் சளி பிடித்து அதை வெளியேற்ற இயலாமல் அவர் திணறும்போதுதான் உணர்கின்றனர்.

மூச்சை உள்ளிழுப்பதில் பெரும்பங்கு உதரவிதானத்திற்கு உண்டு. அதற்குரிய நரம்பு கழுத்துப் பகுதியில் 3 முதல் 5 வரையிலான தண்டுவட நிலைகளிலிருந்து புறப்படுகிறது. ஆகவே, கழுத்தின் கீழ்ப்பகுதியில் காயமுற்றவர் பெரும்பாலும் தாமாகவே மூச்சுவிடுவார். ஆனால் இருமுவதற்குக் காற்றை விசையோடு வெளியே தள்ள வேண்டும். அந்த விசையைத் தருபவை வயிற்றுத் தசைகள். அவற்றின் நரம்புகள் மார்புப் பகுதித் தண்டுவடத்தின் கீழ்ப்பாதியிலிருந்து வருகின்றன. காயம் அதற்கு மேலே இருப்பின் மூளையின் கட்டளை அவற்றைச் சென்றடைவதில்லை. வெளியேறாத சளி நுரையீரலில் தேங்கி நிமோனியாவுக்கு இடங்கொடுக்கிறது. தண்டுவடக் காயமுற்றோரின் உயிரிழப்புக்கு முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று.

கட்டளை வராவிடினும், காயத்திற்குக் கீழுள்ள நரம்புகள் பலருக்கு உயிர்ப்புடனேயே இருக்கின்றன. வயிற்றின் இருபுறமும் ஒட்டும் பட்டைகளைப் பொருத்தி, அவற்றின் வழியே சிறு மின்துடிப்புகளைச் செலுத்தினால் தசைகள் சுருங்கும். நோயாளி இரும முயலும் அதே கணத்தில் தூண்டல் கிடைக்குமாயின் இருமல் வலுப்பெறும். கிளாஸ்கோ, சிட்னி ஆகிய நகரங்களின் ஆய்வாளர்கள் இம்முறையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். சிலருக்கு மலம் கழிக்க ஆகும் நேரம் குறையவும் இது உதவக்கூடும்.

எல்லோருக்கும் இது பயன்படாது. தசைக்குச் செல்லும் நரம்பே சிதைந்திருந்தால் தசை சுருங்காது; மின்னளவைக் கூட்டுவதால் தோல்தான் புண்ணாகும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவுற்றோர், வயிற்றில் ஆறாத புண் உள்ளோர் ஆகியோருக்கு மருத்துவரின் தெளிவான அனுமதியின்றித் தொடங்கலாகாது. தொப்பையைக் குறைக்கும் என்று கடைகளில் விற்கும் மின்பட்டைகளை வாங்கிக் கட்டிவிடுவது இச்சிகிச்சைக்கு ஈடாகாது. உணர்ச்சியற்ற தோலில் சூடு பட்டாலும் நோயாளியால் சொல்ல இயலாது. எனவே ஒவ்வொரு முறையும் பட்டையை எடுத்தபின் அவ்விடத்தை நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். சற்று நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அடுத்த முறையை நிறுத்திவைத்து இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மார்புப் பகுதியின் 6ஆம் நிலையிலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. தூண்டல் காரணமாக இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். தலை வெடிப்பதுபோன்ற வலி, முகம் சிவத்தல், காயத்திற்கு மேற்பட்ட பகுதியில் வியர்த்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே கருவியை நிறுத்திப் பட்டைகளை அகற்றுங்கள். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், ஆடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைபட்டோ உள்ளதா என்று பாருங்கள். அறிகுறிகள் தணியாவிடில் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

கருவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கையால் இருமலுக்கு உதவும் முறையைக் குடும்பத்தில் இருவரேனும் கற்றிருத்தல் நலம். நோயாளி மூச்சை நன்கு உள்ளிழுத்து இருமத் தொடங்கும்போது, தொப்புளுக்கு மேலே, விலா எலும்புகளுக்குக் கீழே உள்ளங்கைகளை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் விரைந்து அழுத்துவதே அம்முறை. உணவு உண்டவுடன் இதைச் செய்யலாகாது. முதன்முறை இயன்முறை மருத்துவரின் முன்னிலையில் செய்து பழகுங்கள். முதுகெலும்பு உறுதிப்பட்டுள்ளதா என்பதையும் அப்போதே கேட்டறியுங்கள்.