குரலை மறைத்த யந்திரம்

கேள்வி: யுத்த காலத்தில் டெலிபோன் பேச்சை ஒட்டுக்கேட்க முடியாதபடி மறைக்கும் யந்திரங்கள் இருந்தனவா?
(ஒரு வாசகர், கரோல் பாக், புது டில்லி)

பதில்: இருந்தன. தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஆனந்த் பர்பத்தில், ராம்ஜஸ் கல்லூரிக் கட்டடத்தில், ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளை ஆங்கிலேய நிலையமொன்று ஆராய்ந்துவந்த அதே யுத்தத்தில், குரலின் அலைவரிசைகளைத் துண்டாடி இடம் மாற்றிய ‘ஏ-3’ என்ற அமெரிக்கக் கருவியின் மர்மத்தை ஜெர்மானியர் அறிந்துகொண்டு, ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசியவற்றையே கேட்டுவந்தனர். அந்த அபாயத்திற்குப் பரிகாரமாக, பெல் ஆய்வுக்கூடத்தார் உருவாக்கி 1943-ல் இயங்கத் தொடங்கிய ‘சிக்சலி’, குரலை 12 கூறுகளாகப் பகுத்து எண்களாக்கி, இரு முனைகளிலும் இம்மியும் பிசகாமல் ஒருங்கே சுழன்ற இசைத்தட்டுகளின் இரைச்சலை அவற்றோடு கூட்டி அனுப்பியது. பயன்பட்ட தட்டுகளை உடனுக்குடன் அழித்தார்கள். 50 டன்னுக்கும் அதிகமான அந்த யந்திரத்தின் எடையைவிட, தட்டுகளின் அந்த ஒருமித்த சுழற்சியே என்னைப் பெரிதும் பிரமிக்கவைக்கிறது.