மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் வேளை

முசரவாக்கத்துப் பக்கம் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஒருவரை 108 வண்டி காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் இறக்கும்போது, பணியிலிருக்கும் இளம் மருத்துவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, இவருடைய பிராணனுக்கு இந்த க்ஷணத்தில் ஆபத்தாயிருப்பது எது, அதை நிவர்த்திக்க இங்கே ஆளும் வசதியும் உண்டா என்பதே.

ஆகவே மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நினைவு என்ற வரிசையில் பார்த்து, பார்க்கும்போதே பரிகாரமும் செய்துவர வேண்டும். மார்புக்குள் காற்று அடைபட்டு நுரையீரல் நசுங்கியிருந்தால் அதை வெளியேற்றாமல் வண்டியில் ஏற்றலாகாது; நினைவை மதிப்பிடும் கிளாஸ்கோ எண் 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால், மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகே பிரயாணம். இடுப்பெலும்பு முறிந்தவருக்குப் படுக்கைவிரிப்பை நீளவாட்டில் மடித்து, வேட்டி கட்டும் இடத்துக்குக் கீழே, தொடையெலும்பின் புடைப்புகள் கைக்குத் தட்டுப்படும் மட்டத்தில் சுற்றி இறுக்கினால் உள்ரத்தப்போக்கு மட்டுப்படக்கூடும். டிரனெக்சாமிக் அமிலம் 1 கிராம், அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். தாமதித்தால் தீங்காகவே முடியலாம்.

இனித் தீர்மானம். வயிற்றுக்குள் ரத்தம் பெருகி, ரத்தமும் சலைனும் ஏற்றியும் நாடி தேறாதவரை, அறுவை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் வெளியே அனுப்புவது, என் அபிப்பிராயத்தில், பொறுப்பைக் கைகழுவுவதாகும். வயிற்றைத் திறந்து, ரத்தம் வரும் இடத்தைத் துணி வைத்து அழுத்தி, தற்காலிகமாக மூடி, எஞ்சியதைச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு விடுவதே உசிதம். மண்டைக்குள் ரத்தம் கட்டி ஒரு கண்மணி விரியத் தொடங்கியவர் சமாசாரமோ நேர்மாறு: நரம்பியல் அறுவை நிபுணர் இல்லாத இடத்தில் அவரை வைத்துக்கொண்டு, கை கால்களுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருப்பது காலவிரயம். ரத்தநாளம் அறுந்து சில்லிட்ட காலுக்கு ஏறக்குறைய 6 மணி நேரமே கெடு.

"எதுக்கும் மெட்ராசுக்கே போயிடலாம் சார்" என்னும் உறவினரிடம் பொறுமையாகப் பேசலாம். முடிவை அவர்கள் பதற்றம் எடுக்கலாகாது. செலவுதான் கவலையென்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரம்புக்குட்பட்டு, இலவசம்.

அனுப்புவதென்று ஆனபின், ஏற்கும் மருத்துவரிடம் நேரே தொலைபேசியில் பேச வேண்டும். சீட்டில் 'மேல்சிகிச்சைக்கு' என்ற ஒற்றை வரி போதாது. அடிபட்ட நேரம், கொடுத்த மருந்து, கொடுத்த மணி, நாடி, ரத்த அழுத்தம் யாவும் வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் வழி முழுதுக்கும் போக மிஞ்சுமா என்று பார்த்து, டியூப் போட்டவரோடு அதைக் கையாளத் தெரிந்தவரையே ஏற்றி, வாலாஜாபாத்தைத் தாண்டுமுன் ரத்த அழுத்தம் சரிந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதையும் கதவை மூடுமுன்பே அவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.