சைக்கிள் ஸ்டாண்டும் பாரமும்

வத்திராயிருப்பு வட்டாரத்தில் தோப்பிலிருந்து தேங்காய் கொண்டுவரவும், நூல் வாங்கிச் சென்று நெய்த துணியைத் திருப்பி ஒப்படைக்கவும் சைக்கிள் பயன்படுகிறது. ஓடும் சைக்கிளை ஓட்டுபவர் காக்கிறார். நிற்கும் சைக்கிளை ஸ்டாண்டு ஒன்றே காக்கிறது. பாரத்துடன் சாயும் சைக்கிள், அருகில் நிற்கும் குழந்தையின் காலை முறிக்கக்கூடும். பல நாள் நெசவைச் சேற்றில் தள்ளவும் கூடும். ஆகவே இச்சிறு உறுப்பின் இயல்பை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இரட்டைக்கால் ஸ்டாண்டு பின்சக்கர அச்சை ஒட்டி அமைந்தது. அதை மிதித்துக்கொண்டு, கேரியரைப் பிடித்துச் சைக்கிளைப் பின்னோக்கித் தூக்கினால், அதன் கால்கள் அச்சுக்குச் சற்று முன்னே சென்று தடைபட்டு நிற்கும். சைக்கிள் முன்னே நகர்ந்தால் ஸ்டாண்டு மடங்கிவிடும். பின்வரும் விதிகளுள் முதலாவது இதிலிருந்தே பிறக்கிறது.

1. சரிவில் நிறுத்த நேர்ந்தால் முன்சக்கரம் மேட்டை நோக்கியிருக்க வேண்டும்.

2. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பும் தோப்பும் இளகியிருக்கும். ஒரு கால் மட்டும் புதைந்தால் சைக்கிள் சாயும். இரு கால்களுக்கும் அடியில் பலகையோ தட்டைக் கல்லோ இடுக.

3. இருபுறமும் மூட்டை தொங்கினால் ஒருபுறத்தை முழுவதும் இறக்கிவிடலாகாது; மாறி மாறிச் சிறிது சிறிதாக இறக்குக. ஏற்றும்போதும் அவ்வாறே.

4. ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் ஏறி அமர்வதும், குழந்தைகள் பெடலைச் சுற்றி விளையாடுவதும் கூடா. செயினிலும் கம்பிகளிலும் விரல் சிக்கும்.

5. பக்க ஸ்டாண்டு பாரத்துக்கு உரியதன்று. அதை மடக்காமல் புறப்பட்டால், இடப்புறம் திரும்பும்போது தரையில் தட்டி ஆளை வீழ்த்தும்.

பராமரிப்பு அதிகச் செலவில்லாதது. வாரம் ஒருமுறை சேற்றைத் துடைத்து, மடங்கும் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுக. தூக்கிய ஸ்டாண்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கோ கிளிப்போ தளர்ந்திருந்தால் உடனே மாற்றுக. இல்லையேல் ஓடும்போது கீழிறங்கித் தரையில் உரசும். கால் வளைந்திருந்தால் சைக்கிளோடு வைத்துச் சுத்தியால் அடிக்க வேண்டாம். கழற்றி நிமிர்த்த வேண்டும். அச்சு நட்டைத் தளர்த்தினால், மீண்டும் முடுக்கும்போது சக்கரம் நடுவில் நிற்கிறதா, செயின் அளவாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

நிறுத்தியபின் கேரியரை இருபுறமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடாமல் நின்றால் மட்டுமே கையை எடுங்கள்.