தோட்டத்துள் ஓர் இருப்புப்பாதை

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் டார்பிசயர் என்பதொரு மாவட்டம். அங்கே டஃபீல்டு என்னும் ஊருக்கு அருகில், டெர்வென்ட் ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கிய மலைச்சரிவில், ஒரு செல்வரின் மாளிகையும் அதனைச் சூழ்ந்த தோட்டமும் இருந்தன. அத்தோட்டத்தில் 1874 ஆம் ஆண்டில் தண்டவாளங்கள் பதிக்கப்படலாயின. பூஞ்செடிகளுக்கும் மரங்களுக்கும் இடையே நீராவி வண்டி ஒன்று ஓடுவதற்கு உரிய பாதை அது. பாதையின் அகலம் 15 அங்குலமே. அஃதாவது, நாம் எழுதப் பயன்படுத்தும் ஓர் அடிக் கோலினும் மூன்று அங்குலம் மிகுதி. இப்பாதையை அமைத்தவர் ஆர்தர் பெர்சிவல் ஹேவுட் என்பவர். அவர் 1849 ஆம் ஆண்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பொறிகளின்பால் இளமை தொட்டே அவருக்குத் தீராத வேட்கை உண்டு. ஆனால் அக்காலத்து ஆங்கிலச் செல்வர் குடியினர் கூலி பெற்றுக் கைத்தொழில் செய்வதைத் தம் தகுதிக்கு ஏற்றதாகக் கருதுவதில்லை. ஆதலின் அவர் தம் தோட்டத்தையே தொழிற்சாலையாக்கிக் கொண்டார்.

செல்வர் ஒருவரின் விளையாட்டு இது என்று நாம் எண்ணுதல் கூடும். அயலார் பலரும் அவ்வாறே எண்ணியிருப்பர். ஆயின் அவர் உள்ளத்தில் இருந்தது ஒரு வினா. மக்களையும் பண்டங்களையும் இடரின்றி ஏற்றிச் செல்லவல்ல இருப்புப்பாதை எத்துணைக் குறுகியதாக இருத்தல் கூடும்? இவ்வினாவுக்கு விடை கிடைப்பின், பெரும் பண்ணைகளும் கல்லுடைக்கும் இடங்களும் சிறு தொழிற்சாலைகளும் குறைந்த செலவில் தமக்கென ஒரு பாதை அமைத்துக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

இவ்வினா திடீரெனத் தோன்றியதன்று. இளமையில் அவர் 4 அங்குல அகலமுள்ள மாதிரிப் பாதை ஒன்றை அமைத்தார். அது காண்பதற்கு மட்டுமே உரியது. பின்னர் 9 அங்குல அகலத்தில் ஒரு பாதையும், அதில் ஓட ஒரு நீராவிப் பொறியும் செய்து, தம் இளைய உடன்பிறப்புகளை ஏற்றி மகிழ்வித்தார். ஆனால் 9 அங்குலப் பாதையின்மீது செல்லும் வண்டி போதிய நிலைப்பு உடையதன்று. அமர்ந்திருப்பவர் ஒருபுறம் சாய்ந்தால் வண்டியும் சாயும். மக்கள் இயல்பாக அசைந்தும் திரும்பியும் அமர்வதைத் தாங்கி, கவிழாது செல்லும் மிகச் சிறிய அளவு எதுவோ அதுவே வேண்டும் என்று ஆராய்ந்து, 15 அங்குலமே அது என்று அவர் துணிந்தார். குறுகிய பாதை என்னும் பொதுப் பெயரால் இதனைச் சுட்டாது, ‘மிகக்குறைந்த அகலப் பாதை’ என்றே அவர் பெயரிட்டார். அப்பெயரிலேயே 1881 இல் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார்.

பாதையின் அகலம் குறைவதால் வரும் நன்மை யாது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். இருப்புப்பாதை வண்டியில் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். மாட்டு வண்டிச் சக்கரம் போன்று அவை தனித்தனியே சுழல்வன அல்ல. நேரான பாதையில் இதனால் தீங்கில்லை. வளைவிலோ வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தினும் மிகுந்த தொலைவு செல்லவேண்டும். கால்வட்ட அளவு வண்டி திரும்புவதாகக் கொள்வோம். இங்கிலாந்தின் பொதுப் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம்; அதில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 89 அங்குலம். நம் நாட்டு அகன்ற பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம்; அதில் ஏறத்தாழ 104 அங்குலம். ஹேவுட்டின் பாதையிலோ ஏறத்தாழ 24 அங்குலமே. சக்கரத்தைச் சற்றே கூம்பு வடிவாகச் செய்து இவ்வேறுபாட்டில் ஒரு பகுதியை ஈடுசெய்வர். வளைவு கடுமையாயின் அது போதாது. சக்கரம் தண்டவாளத்தைத் தேய்த்துக் கொண்டே செல்லும். எனவே குறுகிய பாதை கடுமையாக வளைந்து செல்லலாம். மலையைக் குடையாமல், பள்ளத்தைத் தூர்க்காமல், நிலம் போகும் வழியே பாதையும் போகலாம். செலவு குறைவதன் காரணம் இதுவே.

ஹேவுட் தம் பாதையில் 25 அடி ஆரமுள்ள வளைவுகளை அமைத்தார். ஒரு பெரிய பாசனக் கிணற்றைச் சுற்றி வண்டி ஓடி வருவதை மனத்தில் எண்ணிப் பார்த்தால் அவ்வளைவின் கடுமை விளங்கும். தொழிற்கூடத்திலிருந்து மேட்டு நிலத்திற்கு ஏறும் வழியில் 10 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தையும் வைத்தார். எளிய நிலத்தில் ஓடிக்காட்டும் வண்டி எதனையும் மெய்ப்பிக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். பாதை முழுவதும் ஏறத்தாழ ஒரு மைல் நீளமே. அதற்குள் மூன்று குகைவழிகளும், இரண்டு பாலங்களும், 20 அடி உயரமும் 91 அடி நீளமும் உள்ள ஒரு மரப்பாலமும் அமைந்தன.

ஏற்றமும் வளைவும் ஒருங்கே அமைந்தமையால் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. செங்குத்தான ஏற்றத்தில் பொறியின் சக்கரம் வழுக்காதிருக்க வேண்டுமாயின், பொறியின் எடை முழுவதும் இயங்கும் சக்கரங்களின்மீதே அமைதல் வேண்டும். எடையை மிகுவிக்கச் சக்கரங்களையும் மிகுவிக்க வேண்டும். இன்றேல் மெல்லிய தண்டவாளம் தாங்காது. சக்கரங்களை மிகுவித்தாலோ, நீண்டு இறுகிய அவ்வமைப்பு வளைவில் திரும்பாது. ஒன்றை நாடினால் மற்றொன்று கெடும். 1875 இல் அவர் செய்த ‘எஃபி’ என்னும் முதற்பொறி நான்கு சக்கரங்களை உடையது. 1881 இல் செய்தது ஆறு சக்கரங்களை உடைய ‘எல்லா’. (எல்லா என்பது பழந்தமிழில் தோழனையோ தோழியையோ விளிக்கும் சொல், ஈண்டு அஃது ஆங்கிலப் பெண்பெயர்.) இவ்விரண்டாம் பொறியிலேதான் அவர்தம் நுண்ணறிவு புலப்படுகிறது.

அவர் செய்தது இது. சக்கரங்களை அச்சின்மீது நேரே பொருத்தாமல், அச்சுக்கு மேலே ஒரு குழாயை அமைத்து அக்குழாயில் சக்கரங்களைப் பொருத்தினார். உள்ளிருக்கும் அச்சு எப்போதும் பொறியின் சட்டத்திற்குக் குறுக்காக நேரே நிற்கும். அதனைச் சுழற்றும் கோல்களுக்கு எவ்வகை இடையூறும் இல்லை. மேலுள்ள குழாயோ அச்சின் நடுப்புள்ளியைப் பற்றுக்கோடாகக் கொண்டு சிறிது திரும்ப வல்லது. நடு இணைச் சக்கரங்கள் பக்கவாட்டில் நகரும். வளைவில் அவை நகரும்போது, முன்னும் பின்னும் உள்ள இணைகளை வளைவுக்கு ஏற்பத் திருப்பிவிடும். எனவே வளைவே வண்டிக்கு வழிகாட்டிற்று. இன்னோர் இடரும் இருந்தது. பெரும்பொறிகளில் நெருப்பு எரியும் அறை சக்கரங்களுக்கு இடையே தாழ்ந்து தொங்கும். 15 அங்குலப் பாதையில் அதற்கு இடம் ஏது? ஆகவே அவர் தீயறையைக் குழாய் வடிவாக்கிக் கொதிகலத்தின் உள்ளேயே வைத்தார்.

வண்டிகளையும் அவர் பல வகையாகச் செய்தார். உணவு சமைத்துப் பரிமாறுதற்கு ஒரு வண்டி. நால்வர் படுத்துறங்க ஒரு வண்டி. ஒரு மைல் நீளமுள்ள பாதையில் உறங்குதற்கு நேரம் ஏது என்று நகைக்கத் தோன்றும். இத்துணைச் சிறிய பாதையிலும் எவ்வகை வண்டியும் இயலும் என்று காட்டுதலே அவர் நோக்கம். குழந்தைகளுக்கு அது பேருவகை அளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. 1894 இல் எட்டுச் சக்கரங்களை உடைய ‘மூரியல்’ என்னும் பொறி வந்து சேர்ந்தது.

இத்துணை உழைப்புக்கும் கிடைத்த பயன் சிறிதே. போர்க்களத்தில் உணவும் படைக்கலமும் கொண்டு செல்லத் தம் பாதை உதவும் என்று ஹேவுட் நம்பினார். படைத்துறையினர் அவ்வளவை ஏற்கவில்லை. முதல் உலகப்போரில் போர்முனைகளில் பரவியது 60 சென்டிமீட்டர் அகலப் பாதையே. பண்ணைகளை உடைய செல்வருள்ளும் ஒருவரே அவரை நாடினார். அவர் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன். செசயர் மாவட்டத்தில் ஈட்டன் ஹால் என்னும் அவர் மாளிகைக்கு, பெரும்பாதையின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 3 மைல் நீளமுள்ள பாதையை 1895 இல் தொடங்கி 1896 இல் ஹேவுட் முடித்தார். நிலக்கரி, செங்கல், சாலைக்கல் முதலியவற்றை அது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஏற்றிச் சென்றது. பெரும்பாதையின் வண்டியிலிருந்து சிறுபாதையின் வண்டிக்குப் பண்டத்தை மாற்றி ஏற்றும் வேலை ஒன்றே பலரைத் தயங்கச் செய்திருக்கும் என்பது என் கருத்து. அவ்வேலைக்கு ஆகும் கூலியை எந்தப் பொறியும் குறைக்க இயலாதன்றோ?

ஹேவுட் 1916 இல் மறைந்தார். தோட்டத்துப் பாதையும் அத்துடன் பெயர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே, இங்கிலாந்தின் வடமேற்கில் ரேவன்கிளாஸ் என்னும் கடற்கரை ஊரில், இரும்புக்கனி ஏற்றுதற்காக 1875 இல் திறக்கப்பட்டு 1913 இல் மூடப்பட்ட ஒரு 3 அடிப் பாதையைச் சிலர் எடுத்துக்கொண்டு, 15 அங்குல அளவில் மாற்றி அமைக்கலாயினர். எல்லாவும் மூரியலும் அங்கே சென்றன. அப்பாதையில் சுற்றுலா மக்கள் சென்றனர். கருங்கல்லும் பல ஆண்டுகள் சென்றது. 1927 இல் மூரியலின் சட்டத்தின்மீது புதிய கொதிகலம் ஏற்றி, ‘ரிவர் இர்ட்’ என்று ஆற்றின் பெயரை அதற்குச் சூட்டினர். 7 மைல் நீளமுள்ள அப்பாதைக்கு உரிய பொறிகளுள் ஒன்றாக அஃது இன்றும் உளது.